அணையில் கிடக்கும் அரசநகர்

கும்பகோணத்திலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் சாலை கொள்ளிடத்தைச் சந்திக்கும் இடத்திற்கு அணைக்கரை என்று பெயர். ஆறு அங்கே இரு கிளையாகப் பிரிந்து நிற்கிறது. இரு கிளைக்கும் குறுக்கே கீழணை கிடக்கிறது. அணையின்மீது அமைந்த பாலம் அகலமற்றது. எதிரே வரும் வண்டிக்கு வழிவிட்டுக் காத்திருந்தே கடக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் இருபத்து மூவரை அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமைக் காலையில் நாம் அவ்விடம் சேர்ந்தோம். வண்டியைப் பாலத்திற்கு இப்பால் நிறுத்தி, அனைவரையும் இறங்கச் சொன்னோம்.

"கங்கைகொண்ட சோழபுரம் வந்துவிட்டதா, ஐயா?" என்று கேட்டான் ஒருவன்.

"ஊர் இன்னும் வரவில்லை; ஊரின் கற்கள் வந்துவிட்டன" என்றோம்.

பிள்ளைகள் விழித்தனர். வகுப்பறையிலே நாம் பலமுறை சொல்லிய ஊர் அது. கங்கைவரை சென்ற படை, கடல் கடந்த கலம், கடாரம் கொண்ட வேந்தன் என்று கரும்பலகையின் முன் நின்று நாம் முழங்கிய முழக்கத்தைக் கேட்டவர்கள், கோட்டையும் கொத்தளமும், மாடமும் மாளிகையும் காணப்போகிறோம் என்ற கனவோடு வந்திருந்தார்கள். ஆற்றங்கரையில் நிறுத்தி அணையைக் காட்டினால் அவர்கள் விழிக்காமல் என்ன செய்வர்? "மாலையில் திரும்பும்போது இதே இடத்தில் விளக்கம் சொல்கிறோம், அதுவரை இந்தக் கற்களை மனத்திலே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அழைத்துச் சென்றோம்.

அந்த விளக்கத்தை வாசகர்க்கும் இறுதியில் தருவோம். முதலில் நகரைக் காண்போம்.

*

தஞ்சையிலே தந்தை இராசராசன் விண்முட்டும் கோயில் எழுப்பி, 1010-ஆம் ஆண்டில் அதனை நிறைவு செய்தான். 1014-இல் அவன் மறைந்தபின் அரியணை முழுமையும் இராசேந்திரனுக்காயிற்று. தந்தை தேடிய நாடு, தந்தை கட்டிய நகர், தந்தை குவித்த பொருள் எல்லாம் இருந்தன. அவற்றை ஆண்டு அனுபவித்திருந்தாலே அவனைப் பெருமன்னர் வரிசையில் வைத்திருப்பர். அவன் அவ்வாறு அமையவில்லை.

1023-ஆம் ஆண்டளவில் அவன் படை வடக்கே சென்றது. கலிங்கம் கடந்து, வங்கம் புகுந்து, மகிபாலன் என்னும் பால வேந்தனை வென்று, கங்கை நீரை முகந்துகொண்டு திரும்பிற்று. மன்னன் கோதாவரிக் கரையிலே காத்திருந்து தன் படைத்தலைவனை எதிர்கொண்டான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு செப்புகிறது. இரண்டாண்டு கழித்து, 1025-இல், சோழர் கலங்கள் வங்கக் கடலைக் கடந்தன. ஸ்ரீவிசயப் பேரரசின் துறைகள் பல தாக்குண்டன. இன்றைய மலேசியாவின் கெடா மாநிலமே அன்றைய கடாரம் என்பர் ஆராய்ச்சியாளர்.

இவ்வெற்றிகளின் நினைவாக எழுந்ததே புதிய தலைநகர். தஞ்சை காவிரியின் தென்பால், வயல்களின் நடுவே இருந்தது. புதிய நகர் கொள்ளிடத்துக்கு வடக்கே, மேட்டு நிலத்தில் அமைந்தது. வளமான வயலை வீடாக்கி அழிக்க வேண்டியதில்லை. வெள்ளம் வந்து நகருக்குள் நுழையும் அச்சம் குறைவு. வடக்கே தொண்டை நாட்டுக்கும் அதற்கப்பால் சாளுக்கியர் எல்லைக்கும் படை செல்ல ஆறு தடையில்லை. பெருமைக்காக மட்டும் தேர்ந்த இடமன்று, கணக்குப் பார்த்துத் தேர்ந்த இடம் என்றே எண்ணத் தோன்றுகிறது.

அன்று முதல் 1279-இல் மூன்றாம் இராசேந்திரனோடு சோழராட்சி முடியும் வரை, ஏறக்குறைய 250 ஆண்டுக்காலம் அதுவே தலைநகர். மூன்று நூற்றாண்டை நெருங்கும் வாழ்வு! இலண்டனும் பாரிசும் இன்று பெற்றுள்ள பேரைப் பெறாத நாளில் பெயர் பெற்றிருந்த நகர் இது. இன்று அரியலூர் மாவட்டத்திலே ஒரு சிற்றூர்.

*

ஊருக்குள் நுழையும் முன்பே கோயில் தெரிந்தது. பிள்ளைகள் ஆரவாரம் செய்தனர். ஏறக்குறைய 55 மீட்டர் உயரம் நிற்கும் விமானம் அது. தஞ்சை விமானம் நேர்கோட்டில் ஏறி நெஞ்சு நிமிர்த்தி நிற்பது. இது உள்வளைந்து குழைந்து, பின்னர் எழுவது. ஒன்றிலே வீறு, மற்றொன்றிலே நயம். தந்தையைவிட உயரமாகக் கட்டும் ஆற்றல் மகனுக்கு இல்லாமலில்லை. ஏன் கட்டவில்லை என்பதற்கு அடக்கத்தைக் காரணமாகக் காட்டுவோர் உண்டு. எதுவாயினும், கல்லிலே வளைவைக் கொண்டுவந்த அந்தச் சிற்பியரின் கைத்திறனை நாம் நெடுநேரம் நின்று நோக்கினோம்.

கும்பிட வந்தோர் உள்ளே சென்று கும்பிட்டனர். நாம் காண வந்தோம். சுற்றிச் சுற்றிக் கண்டோம். வடபால் வாயிலருகே சண்டேசுரரின் தலையில் சிவன் மாலை சூட்டும் சிற்பம் இருக்கிறது. பணிந்திருக்கும் தொண்டன் முகத்தில் பெருமையும் நாணமும் ஒருங்கே தெரிகின்றன. சூட்டுபவன் விரல்களில் பரிவு தெரிகிறது. கங்கை வென்று வந்த மன்னன் தனக்குக் கிட்டிய புகழைக் குறிப்பால் காட்டச் செய்த சிற்பம் இது எனக் கருதுவோரும் உண்டு. எதிரே கிடக்கும் பெரிய நந்தியோ தஞ்சையிற்போல் ஒற்றைக் கல்லன்று; கல்லும் சுதையும் சேர்த்துக் கட்டப்பட்டது.

2004-ஆம் ஆண்டில் உலகப் பண்பாட்டுச் சின்னங்களின் பட்டியலில் இக்கோயில் சேர்க்கப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயில் 1987-லேயே அப்பட்டியலில் இடம் பெற்றுவிட்டது. 2014-இல் இராசேந்திரன் முடிசூடிய ஆயிரமாவது ஆண்டு விழாவும் இங்கே நடந்தது. உலகம் அறிந்துகொண்டது, மகிழ்ச்சி. புல்தரை அமைத்திருக்கிறார்கள், தூய்மையாக வைத்திருக்கிறார்கள், பாராட்டுகிறோம்.

ஆனால், கோயில் மட்டுமா தலைநகர்?

"அரண்மனை எங்கே, ஐயா?" என்றான் முதலில் கேள்வி கேட்ட அதே பையன்.

*

கோயிலிலிருந்து ஏறக்குறைய 2 கிலோமீட்டர் தென்மேற்கே நடத்திச் சென்றோம். அவ்விடத்தின் பெயரே மாளிகைமேடு. மாளிகை இல்லை, மேடு இருக்கிறது. தமிழகத் தொல்லியல் துறையினர் 1980 தொடங்கிப் பலமுறையும், 2021 முதல் மீண்டும் அங்கே அகழ்ந்திருக்கின்றனர். இரட்டைச் செங்கற் சுவர்கள், அவற்றினிடையே மணல் நிரப்பிய இடைவெளி, தூண்கள் நின்ற கல் தளங்கள், கூரை வேய்ந்த ஓடுகள், ஓடுகளைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள், யானைத் தந்தத்தில் கடைந்த பொருள்கள், கண்ணாடி வளையல் துண்டுகள், சீன நாட்டுப் பீங்கான் சில்லுகள் ஆகியன கிடைத்துள்ளன.

பீங்கான் சில்லுகளைப் பற்றிச் சொன்னதும் பிள்ளைகளின் கண்கள் விரிந்தன. சீனத்திலே சுட்ட கலம், கடல் கடந்து, கரை கடந்து, கொள்ளிடம் கடந்து, இந்தச் சிற்றூர் மண்ணில் உடைந்து கிடந்தது என்றால், எத்துணை வணிகர், எத்துணை மாலுமிகள், எத்துணைச் சுமைதூக்குவோர் அதன் பின்னே நடந்திருப்பர்!

அந்த மாளிகைக்குச் சோழகேரளன் திருமாளிகை என்றும், முடிகொண்ட சோழன் திருமாளிகை என்றும் பெயர்கள் வழங்கியதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. அரியணைக்கே மாவலி வாணராயன் என்று பெயர் வைத்திருந்தனர். பெயர்கள் கல்லில் நிலைத்தன. மாளிகை மண்ணில் மறைந்தது. ஏன்? கோயிலைக் கருங்கல்லால் கட்டினர். அரண்மனையைச் செங்கல்லாலும் மரத்தாலும் கட்டினர். தெய்வத்துக்குக் கல், வேந்தனுக்கே செங்கல்! கல் நின்றது. செங்கல்லை, அகழ்வாய்வாளர் வருவதற்கு முன்பே, நெடுங்காலமாகச் சுற்றுவட்டாரத்தார் தோண்டி எடுத்து வீடு கட்டிக்கொண்டனர். அவர்களைக் குறை கூறவும் நமக்கு மனம் வரவில்லை. மழைக்கு ஒதுங்கச் சுவரில்லாதவன் மண்ணுக்குள்ளே செங்கல் இருப்பது கண்டால், இது எந்த மன்னன் மாளிகை என்று கேட்டுக்கொண்டா நிற்பான்?

மண்ணுக்குள் போன நகரை மக்கள் நாவு மறக்கவில்லை. சுற்றியுள்ள ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் கையேட்டில் எழுதிக்கொண்டார்கள். உள்கோட்டை: கோட்டையின் உட்பகுதி. மெய்க்காவல்புத்தூர்: மன்னனின் மெய்காவலர் குடியிருப்பு. ஆயுதக்களம்: படைக்கலம் இருந்த இடம். சுண்ணாம்புக்குழி: கட்டடத்துக்குச் சுண்ணாம்பு நீற்றிய இடம். கடாரங்கொண்டான்: வெற்றியின் பெயர் தாங்கிய ஊர். அரண்மனை அழிந்தாலும் அதைச் சுற்றிய வாழ்க்கை பெயராக நிற்கிறது. ஓலையில்லை, ஏடில்லை, பால் கறப்பவளும் ஆடு மேய்ப்பவனும் நாள்தோறும் உச்சரித்தே இந்த வரலாற்றைக் காத்து வந்திருக்கிறார்கள்.

செங்கல்மேடு என்று மற்றோர் ஊர். அங்கே கலிங்க நாட்டுச் சிற்பங்கள் இருக்கின்றன. செந்நிறக் கல்லிலே செய்தவை. போரிலே வென்று கொண்டுவந்தவை அவை. சாளுக்கியரின் கல்யாணபுரத்தை எரித்து, அங்கிருந்து முதலாம் இராசாதிராசன் எடுத்து வந்த வாயிற்காவலர் சிலை, அச்செய்தி பொறிக்கப்பட்ட பீடத்தோடு, இன்று தஞ்சைக் கலைக்கூடத்தில் நிற்கிறது. பிறர் நகரை எரித்துக் கொண்டுவந்த சிலையை நம் நகரின் அணியாக நிறுத்தினோம். அதையும் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. வரலாறு கற்பிக்கும் ஆசிரியன் தன் வீட்டுக் கணக்கில் வரவை மட்டும் படித்துச் செலவைத் தாண்டிச் செல்லலாகாது.

*

அரண்மனையைவிடப் பெரிது ஒன்று இருந்தது. அது ஏரி.

சோழகங்கம் என்று மன்னன் பெயரிட்டான். மக்கள் பொன்னேரி என்கின்றனர். மற்ற மன்னர் வெற்றிக்குக் கல்தூண் நாட்டினர். இவன் நாட்டியதோ நீராலான வெற்றித்தூண் என்று செப்பேட்டுப் புலவன் அதனைக் குறித்தான். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட குறிப்பின்படி, வடக்கு தெற்காக அதன் கரை 16 மைல் நீளம் கிடந்தது. கொள்ளிடத்திலிருந்து ஏறக்குறைய 60 மைல் நீளமான கால்வாய் தென்புறத்தில் அதற்கு நீர் கொணர்ந்தது. வெள்ளாற்றிலிருந்து மற்றொரு கால்வாய் வடபுறத்தில் வந்தது. இரண்டு ஆறுகளை ஓர் ஏரியிலே சேர்த்த வேலை அது!

எண்ணிப் பாருங்கள். கங்கையிலிருந்து வந்த நீர் எத்தனை குடம் இருந்திருக்கும்? பத்தா, நூறா? அந்தக் குடங்களை ஊற்றி ஏரி நிரம்பவில்லை. ஏரியை நிரப்பியது கொள்ளிடம். கொள்ளிடத்தைக் கொணர்ந்தது கால்வாய். கால்வாயை வெட்டியது மண்வெட்டி. மண்வெட்டியைப் பிடித்தது பெயரறியாக் கை. கங்கை நீரைத் தோற்ற மன்னர்களின் தலையிலே சுமத்திக் கொணர்ந்தான் என்பதைச் செப்பேடு சொல்கிறது. 60 மைல் கால்வாய் மண்ணைச் சுமந்த தலைகள் எவை என்பதைச் செப்பேடு சொல்லவில்லை. தஞ்சையிலே பெருந்தச்சன் பெயர் கல்லில் உண்டு. நாவிதன் பெயர்கூட உண்டு. ஏரி வெட்டியவன் பெயர் எங்கும் காணோம்.

ஏரிக்கரைமீது பிள்ளைகள் உட்கார்ந்து கட்டுச்சோறு உண்டனர். பழைய பரப்பில் ஒரு பகுதியே இன்று ஏரியாக இருக்கிறது. கரையும் காலமும் சரிந்து, கால்வாய் தூர்ந்து, நீர் வரத்து நின்றபின் நெடுங்காலம் காடு மண்டிக் கிடந்த இடம் அது. போரில் தோற்றால் நகர் ஒருநாளில் வீழும். கவனிப்பாரின்றி விட்டால் ஏரி நூறாண்டில் வீழும். இரண்டாவது வீழ்ச்சிக்குப் பரணி பாட யாரும் வருவதில்லை.

அங்கேதான் அந்தக் கேள்வி பிறந்தது. எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண். எம் ஊரிலே கீழ்க்கோடித் தெருவிலிருந்து வருபவள். வகுப்பிலே அதிகம் பேசாதவள். ஊர்ப் பெயர்களை எழுதிய கையேட்டை மடித்து வைத்துக்கொண்டு கேட்டாள்:

"மன்னருக்கு மாளிகைமேடு, காவலருக்கு மெய்க்காவல்புத்தூர். எங்கள் தெரு இந்த நகரில் எங்கே இருந்திருக்கும், ஐயா?"

கல்லூரியிலே நாம் எழுதிய தேர்வுகளில் இக்கேள்வி வந்ததில்லை. வந்திருந்தால் விடை எழுதியிருக்கமாட்டோம். மழுப்பிவிடலாமா என்று ஒரு கணம் எண்ணியதும் உண்மை. "அந்நாளில் எல்லாரும் நன்றாக இருந்தனர், அம்மா" என்று சொல்லியிருந்தால் அவள் பேசாமல் இருந்திருப்பாள். ஆனால் நம்பியிருக்கமாட்டாள்.

உள்ளதைச் சொன்னோம். இராசராசன் தஞ்சைக் கோயிலுக்கு வழங்கிய ஊர்களின் நிலக் கணக்கு கோயிற் கல்லிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. வரி நீக்கிய நிலங்களை அங்கே வரிசையாகக் குறிக்கிறார்கள்: ஊர் நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு. அந்த வரிசையிலே தீண்டாச்சேரி என்ற சொல்லும் வருகிறது. தனிச் சேரி மட்டுமன்று, தனிச் சுடுகாடும் வருகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே, வாழுமிடத்திலும் வேறு, வேகுமிடத்திலும் வேறு என்று கோடு கிழிக்கப்பட்டிருந்தது. கங்கையைக் கடந்த பேரரசு அந்தக் கோட்டைக் கடக்கவில்லை.

ஆசிரியன் என்பதால் இன்னொன்றையும் சொன்னோம். இராசேந்திரன் காலத்தில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்திலுள்ள எண்ணாயிரம் என்னும் ஊரில் ஒரு கல்லூரி நடந்தது. மாணவர் 340 பேர். ஆசிரியர் 14 பேர். செலவுக்கு 45 வேலி நிலம். கேட்கவே நெஞ்சு குளிர்கிறதல்லவா? உணவு இட்டு, நெல் அளந்து, கல்வி தந்த ஏற்பாடு! ஆனால் என்ன கற்பித்தார்கள்? நான்கு மறைகள், வடமொழி இலக்கணம், மீமாஞ்சை, வேதாந்தம். இளையோர் 270 பேருக்கும் மூத்தோர் 70 பேருக்கும் பாடம் பிரித்துத் தந்த அந்தக் கல்வெட்டில் தொல்காப்பியம் இல்லை, குறள் இல்லை. கோயிலிலே திருவாய்மொழி பாடத் தமிழுக்கு இடம் தந்தனர். பின்வந்த குலோத்துங்கன் அவையிலே செயங்கொண்டார் பரணி பாடினார். கோயிலில் தமிழ் இசைத்தது; அவையில் தமிழ் முழங்கிற்று; அந்தக் கல்லூரியிலே மட்டும் தமிழுக்கு இருக்கை இல்லை. மண் சுமந்தவன் பிள்ளைக்கோ வாயிலே இல்லை.

"அப்படியானால், அந்நாளில் நான் படித்திருக்கமாட்டேன்" என்றாள் அவள்.

"ஆம். நாமும் உனக்கு ஆசிரியராய் இருந்திருக்கமாட்டோம்" என்றோம்.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவள் ஏரியைக் காட்டி, "இருந்தாலும் இதை வெட்டியதில் எங்கள் தெருக்காரர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா, ஐயா?" என்று கேட்டாள். பெருமை கேட்கிறாள் என்பது புரிந்தது. பெருமை கேட்க அவளுக்கு முழு உரிமை உண்டு. கல்வெட்டு இல்லாத இடத்தில் கரையே சான்று. "அந்தக் கைகள் இல்லாமல் இந்தக் கரை எழுந்திராது" என்றோம்.

*

நகர் எப்படி வீழ்ந்தது? பகைவர் எவரோ தொலைவிலிருந்து வந்து வீழ்த்தினர் என்று எண்ணுவது எளிது. உண்மை அப்படியன்று. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பாண்டியன் முதலாம் மாறவர்மன் சுந்தரன் சோழ நாடு புகுந்து, தஞ்சையையும் உறந்தையையும் எரியூட்டினான். அவன் மெய்க்கீர்த்தி அதைப் பெருமையாகவே பேசுகிறது. அடுத்து வந்த பாண்டியர் சோழரைத் திறை செலுத்துவோராக்கினர். 1279-க்குப் பின் சோழ மன்னன் பெயர் கேட்கவில்லை. தமிழன் நகரைத் தமிழன் எரித்தான். அதற்கு முன் பாண்டி நாட்டிலே சோழர் செய்ததும் அதுவே. எரித்தவனுக்கும் மெய்க்கீர்த்தி தமிழிலே. எரிந்தவனுக்கும் மெய்க்கீர்த்தி தமிழிலே! ஒற்றுமை என்ற ஒரு பாடத்தை இரு வீட்டாரும் கற்கவில்லை. அந்தப் பாடத்துக்கான கட்டணமாகத்தான் மாளிகை மேடாயிற்று.

ஆட்சி போயிற்று, மாளிகை போயிற்று, ஏரி வறண்டது. எஞ்சியவை கோயிலும், அதைச் சூழ்ந்த மதிலும், வாயிற் கோபுரமும். அவற்றின் கதையைச் சொல்லும் நேரம் வந்தது. பொழுது சாயும் வேளையில் மீண்டும் அணைக்கரையை அடைந்தோம்.

பாலத்தின் ஓரமாகப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திச் சொன்னோம்:

"1836-ஆம் ஆண்டில் இந்தக் கீழணை கட்டப்பட்டது. ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் திட்டமிட்டார். அணைக்குக் கல் வேண்டியிருந்தது. வடக்கே சில மைல் தொலைவிலே செதுக்கிய கருங்கல் மதிலாகவும் கோபுரமாகவும் நின்றுகொண்டிருந்தது. வெடி வைத்துப் பாறை பிளக்க வேண்டாம். உளி கொண்டு செதுக்க வேண்டாம். பெயர்த்து வண்டியில் ஏற்றினால் போதும். பெயர்த்தார்கள். ஏற்றினார்கள். நீங்கள் காலையில் பார்த்த கோயிலைச் சுற்றி மதில் முழுமையாக இல்லாததற்கும், கிழக்குக் கோபுரம் சிதைந்து கிடப்பதற்கும் அதுவே காரணம். தலைநகரின் கல் இங்கே அணையாகக் கிடக்கிறது."

"யாரும் தடுக்கவில்லையா, ஐயா?"

"தடுத்தார்கள்!"

இதைச் சொல்லத்தான் அவர்களை அங்கே நிறுத்தினோம். 1855-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு குறிப்பு அந்த நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறது. எழுதியவர் வெள்ளையராட்சிக் காலத்தவர். ஆயினும் மனம் நொந்து எழுதுகிறார். கற்களைப் பெயர்க்க வந்தபோது அவ்வூர் ஏழை மக்கள் தம்மால் இயன்ற மட்டும் எதிர்த்து நின்றனர். அரசின் ஆட்களுக்கு அந்தக் கட்டடத்தின்மீது எந்த உரிமையும் இல்லை. இருந்தும் மக்கள் தோற்றனர். அரசின் ஆணையை மதிக்கவில்லை என்று தண்டிக்கவும்பட்டனர். பெயர்த்த கல்மதிலுக்கு மாற்றாகச் செங்கல் மதில் கட்டித் தருவோம் என்று ஒரு வாக்குறுதி தரப்பட்டது. அந்த வாக்குறுதி நிறைவேற்றப்படவேயில்லை.

அன்று சோழன் இல்லை, படைத்தலைவன் இல்லை, மெய்காவலர் இல்லை. மாவலி வாணராயன் என்னும் அரியணை மண்ணோடு மண்ணாகி 500 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அந்த நகரின் கடைசிக் காவலராக நின்றவர்கள், கையிலே ஆயுதமும் வயிற்றிலே சோறும் இல்லாத ஏழைகள். கங்கை வென்ற படைக்குத் தலைவன் பெயர் தெரியும். இந்தப் படைக்குத் தலைவன் உண்டா என்பதே தெரியாது.

முதலில் கேள்வி கேட்ட பையன் விடவில்லை. "ஆனாலும், ஐயா, அணையால் வயலுக்குத் தண்ணீர் கிடைத்ததே! மதிலைவிடத் தண்ணீர் பெரிதல்லவா?" என்றான்.

நல்ல கேள்வி. நாம் மகிழ்ந்தோம். கீழணையிலிருந்து பிரியும் வடவாறு வீராணம் ஏரிக்கு நீர் கொண்டு செல்கிறது. எத்தனையோ ஆயிரம் உழவர்க்கு உணவு தந்தது இந்த அணை. 2004 முதல் வீராணத்து நீர் சென்னை வரை செல்கிறது. காட்டன் பெயரை உழவர் நன்றியோடு நினைப்பதில் தவறில்லை. தண்ணீர் மதிலைவிடப் பெரிதே. மதில் எழுப்பிய மன்னனே ஏரியும் வெட்டியவன். அவனும் அதை மறுத்திருக்கமாட்டான்.

ஆனால் மூன்று கேள்விகளைப் பிள்ளைகளின் முன் வைத்தோம். தண்ணீருக்காகத்தான் கல் என்றால், உரியவரைக் கேட்டு எடுத்திருக்கலாமே, தடுத்தவரைத் தண்டித்தது ஏன்? மாற்று மதில் கட்டுவோம் என்று சொல்லிவிட்டுக் கட்டாமல் விட்டது ஏன்? பக்கத்திலேயே 16 மைல் கரையோடு ஓர் ஏரி தூர்ந்து கிடக்க, அதன் நகரத்தை உடைத்தவர்கள் அதன் கால்வாயைத் தூர் எடுக்காமல் விட்டது ஏன்? கல்லை எடுத்தது குற்றமா, கடமையா என்று வாதிடலாம். கேளாமல் எடுத்ததும், சொன்னதைச் செய்யாததும் குற்றமே. ஆள்வோர் எவராயினும், ஏழையின் ஊரிலிருந்து ஒன்றை எடுக்கும்போது அளவுகோல் இதுவே: கேட்டாயா? கொடுத்த சொல்லைக் காத்தாயா?

இருள் சூழ்ந்தது. வண்டியில் ஏறுமுன் அந்தப் பெண் அணைச்சுவரில் கைவைத்துச் சிறிது நேரம் நின்றாள். கல்லில் வெயிலின் சூடு இன்னும் இருந்ததாகச் சொன்னாள்.

மறுவாரம் வகுப்பறையில் சோழர் பாடத்தைத் திருப்பிப் பார்த்தோம். கரும்பலகையில் மன்னர் பெயர்களையும் ஆண்டுகளையும் எழுதினோம்: இராசேந்திரன், 1014, கங்கைப் படையெடுப்பு, 1023, கடாரம், 1025, சோழராட்சியின் முடிவு, 1279. எழுதி முடித்துச் சுண்ணத்துண்டைக் கீழே வைக்கப் போனோம்.

"இன்னும் ஒரு வரி இருக்கிறது, ஐயா" என்றாள் அவள். எழுந்து வந்து சுண்ணத்துண்டை வாங்கிக் கீழே எழுதினாள்: "1836 – ஊர் மக்கள் தடுத்தார்கள்."

அந்த வரியை நாம் அழிக்கவில்லை. அடுத்த பாடத்தை அதற்குக் கீழேதான் எழுதத் தொடங்கினோம்.